நாலாம் ரகசியத்தில் அம்மா தூங்கிவிடுவார்

அன்பான உறவினர்களுக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும், அம்மா கையால் ஒரு வாய் காப்பியாவது குடித்துவிட்டுப் போன அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

அம்மா இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. நினைவுத் திருப்பலிக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு மலர் அச்சடிக்க வேண்டும் என்று முடிவானதும் அண்ணன் என்னைக் கைகாட்டிவிட்டான். "நம்ம மூணு பேர்ல நீதான வாயாடி. நீயே எழுதுட்டி" என்றான். தங்கையும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். அப்பாவிடம் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "என்னத்தையும் எழுது. அவ செபத்துல தூங்குன கதையை மட்டும் விட்டுராத" என்றார்.

ஆகவே 'பண்பில் சிறந்தவர், பாசத்தின் சிகரம்' என்று நாலு வரி எழுதிவிட்டுத் தப்பிக்க எனக்கு வழியில்லை. அம்மா பண்பில் சிறந்தவர்தான், யாரும் மறுக்க முடியாது. ஆனால் செபமாலையில் பத்து மணிக்கு ஒன்றாக வரும் ஐந்து ரகசியங்களில் நாலாவதில் தூங்கிவிடுவார். எங்கள் குடும்பம் இன்று ஒன்றாக நிற்பதற்கு அந்தத் தூக்கமே காரணம் என்பதால் அதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அம்மா பிறந்தது சாத்தான்குளத்துக்குத் தெற்கே, செம்மணல் மேடான தேரியின் ஓரத்தில் உள்ள ஒரு சிற்றூரில். தாத்தா பனையேறிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். காற்றடித்தால் சோற்றுக்குள் மண் விழும் ஊர் அது. தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றுவிட்டுத்தான் அம்மா பள்ளிக்கூடம் போவாராம். அப்படியும் பத்தாம் வகுப்பு முடித்தார். அந்த ஊரில் அந்தக் காலத்தில் ஒரு பெண்பிள்ளை பத்து முடிப்பது சின்ன விஷயமில்லை.

கல்யாணமாகி வந்தது தாமிரபரணிக் கரைக்கு, ஏரலுக்கு மேற்கே வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் எங்கள் ஊருக்கு. வந்த மறுநாள் காலையில் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "இது யாருக்குள்ள தண்ணி? ஏன் யாரும் எடுக்க மாட்டேங்காவ?" என்று அப்பாவிடம் கேட்டாராம். அப்பா இதைச் சொல்லிச் சிரிக்காத கிறிஸ்துமஸ் கிடையாது. அம்மாவுக்கு அது கடைசிவரை சிரிப்பாகப் படவில்லை. குழாயை ஒழுக விட்டுவிட்டு நாங்கள் யாரும் அவரிடம் திட்டு வாங்காமல் போனதில்லை.

அப்பா குத்தகைக்கு எடுத்து வாழை போட்டார். ஒரு வருடம் குலை தள்ளியிருந்த நேரத்தில் ஆடிக்காற்று வந்து தோட்டத்தையே படுக்க வைத்துவிட்டது. அப்பா வரப்பில் உட்கார்ந்து எழும்பவே இல்லை. அம்மா சாய்ந்த வாழைகளிலிருந்து இலையை அறுத்துக் கட்டி ஏரல் சந்தைக்கு அனுப்பிவிட்டு, அந்த வாரமே பால்வாடியில் வேலைக்கு மனுப் போட்டார். வேலை கிடைத்தது. அன்று முதல் ஊருக்கு அவர் 'பால்வாடி டீச்சர்' ஆனார். எங்கள் ஊரில் இன்று மீசை வைத்துக்கொண்டு திரிகிற பலருக்கு மூக்குத் துடைத்துவிட்டவர் எங்கள் அம்மாதான்.

விடியுமுன் எழுந்து சோறும் குழம்பும் வைத்து, எங்களைக் குளிப்பாட்டிக் கிளப்பி, பால்வாடிக்குப் போய் ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்து, மாலையில் திரும்பி வந்ததும் தையல் மெஷினில் உட்காருவார். பக்கத்து வீட்டு ஆமினாம்மாவின் மகள்களுக்குப் பெருநாள் வந்தால், எங்களுக்குத் திருவிழா வந்தால், மெஷின் சத்தம் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு மறைக்கல்வி வகுப்பும் அவருக்குத்தான். எங்கள் தெரு அன்பியத்துக்கு, அதாவது வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிக்கும் எங்கள் பத்திருபது குடும்பங்களுக்கு, பொறுப்பாளரும் அவர்தான். வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர் என்று ஊரில் சொல்வார்கள். எங்களுக்கு மட்டும் எதற்கெடுத்தாலும் வேண்டாம்தான்.

இத்தனைக்கும் நடுவில் அவர் எப்போது செபித்தார் என்று கேட்டால், எப்போதும் என்றுதான் சொல்ல வேண்டும். அம்மாவின் அடுக்களையில் கடிகாரம் கிடையாது. பருப்பு ஒரு ரகசியம் சொல்வதற்குள் வெந்துவிடும், சோறு வடிக்கச் செபமாலையின் முடிவில் வரும் பிரார்த்தனை முடிய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. செபம் போக மீதி நேரத்தில் மாதாவிடம் பேச்சு. அடுப்பு மேடைக்கு மேலே மாட்டியிருந்த படத்தைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல் பேசுவார்.

"உனக்கு ஒத்தப் பிள்ளை. அதுவும் சொன்ன பேச்சு கேக்குத பிள்ளை. எனக்கு மூணு. என் பாடு உனக்கு எங்க தெரியப் போவுது?"

கொஞ்ச நேரம் கழித்துத் தாளித்துக்கொண்டே, "சரி, சரி. உன் பிள்ளைக்கு வந்த பாடு என் பிள்ளைகளுக்கு வரல. கோவிச்சுக்கிடாத" என்று சமாதானமும் சொல்லிவிடுவார். மாதா நாசரேத்தூரில் குடியிருந்தவர் என்று மறைக்கல்வியில் படித்த நாங்கள், அது திருச்செந்தூர் போகிற ரயில் நிற்கும் நம் நாசரேத்துதான் என்று வெகுநாள் நம்பியிருந்தோம். அம்மா பேசிய பேச்சும் அப்படித்தான் இருந்தது. மாதா அடுத்த ரயிலில் வந்து இறங்கிவிடுவார் போலத்தான் பேசுவார்.

இனி அப்பாவின் விஷயத்துக்கு வருகிறேன். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

எங்கள் கோயில் மாதா திருவிழாவின் கடைசி நாளில் சப்பரம் ஊரைச் சுற்றி வரும். எங்கள் வாய்க்கால் தெரு அப்போது புதிதாக உண்டான தெரு, ஊரின் கடைசி. சப்பரம் இங்கே வராது. அப்பா அந்த வருடம் விழாக்குழுவில் இருந்தார். சப்பரத்தைக் கொண்டு வருகிறேன் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். குழுக் கூட்டத்தில் அவர் பேச்சை எடுத்ததும், ரோடு சரியில்லை, கரண்டு வயர் தாழ்வாகக் கிடக்கிறது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அதோடு விட்டிருக்கலாம். பொருளாளர் அண்ணாச்சி விளையாட்டாக ஒரு சொல்லைப் போட்டார்.

"உம்ம தெருவுல என்னவே இருக்கு? வாழையும் வாய்க்காலும்தான இருக்கு. வாழைக்கா சப்பரம் கொண்டு வரணும்?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "வாழைக்குள்ள கெடக்குதவனுக்குக் கோயில் எதுக்கு? இனி இந்த வாசலை நான் மிதிச்சா ஏன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சொன்ன சொல்லில் நின்றார். ஞாயிற்றுக்கிழமையும் இல்லை, கிறிஸ்துமஸும் இல்லை, ஈஸ்டரும் இல்லை. பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்து பேசினார்கள். அப்பா மரியாதையாகக் காப்பி வாங்கிக் கொடுத்து வழியனுப்பினார். மாமாக்கள் வந்து பேசினார்கள். அவர்களுக்கும் காப்பிதான் கிடைத்தது. வீட்டுச் செபத்துக்கும் அப்பா உட்காருவதை விட்டுவிட்டார். நாங்கள் மாலை செபத்துக்கு முழங்காலில் நிற்கும்போது அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு தெரு வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொள்வார்.

அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கோவத்துல இருக்குத ஆளுகிட்ட நியாயம் பேசுனா கோவத்துக்குத்தான் வயசு கூடும்" என்பார். ஆனால் அவருக்கு அது எவ்வளவு வலித்தது என்பது எங்களுக்குத் தெரியும். பூசையில் ஆண்கள் பக்கம் ஒரு தூணோரமாக அப்பா நிற்பது வழக்கம். அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து அந்தத் தூணை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் முக்காட்டை இழுத்து விடுவார். தங்கை புது நன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை, வாங்கிய அன்று கோயில் படிக்கட்டில் எடுத்த படத்தில் நாங்கள் நாலு பேர் நிற்கிறோம். ஐந்தாவது ஆளுக்கு இடம் விட்டு நிற்கிறோம். அன்று அடுக்களையில் அம்மா அழுதார். மாதா படத்தைப் பார்த்து, "நீயே கூட்டிட்டு வா. சண்டை போட்டுக் கூட்டிட்டு வர எனக்கு நேரமில்ல" என்று சொன்னதை நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். அதன்பின் அம்மா வேறு எந்த வேண்டுதலும் வைத்ததாக எனக்கு நினைவில்லை.

எங்கள் வீட்டுச் செபமாலைக்கு ஒரு சட்டம் உண்டு. முதல் ரகசியம் அண்ணனுக்கு, இரண்டாவது எனக்கு, மூன்றாவது தங்கைக்கு, நாலாவது அம்மாவுக்கு, ஐந்தாவது அப்பாவுக்கு. அவர் வாசலுக்குப் போனபின் அதை நாங்கள் மாறிமாறி எடுத்தோம். ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைச் சொல்ல வேண்டும். ஒருவர் எடுத்த ரகசியத்தை இன்னொருவர் எடுக்கக் கூடாது. "எடுத்தவங்கதான் முடிக்கணும். மாதாவை நட்டாத்துல விட்டுட்டு எந்திரிக்கக் கூடாது" என்பது அம்மா போட்ட விதி. அடுத்தவர் மணியை நாங்கள் பிடுங்கிச் சண்டை போட்டதால் வந்த விதி அது. செபம் முடிந்தால்தான் சோறு என்பது இன்னொரு விதி. அது அம்மாவின் அம்மா வீட்டிலிருந்து வந்தது.

ஒருநாள் நாலாம் ரகசியத்தின் நடுவில் அம்மாவின் குரல் தேய்ந்து நின்றுவிட்டது. பார்த்தால், முழங்காலில் நின்றபடியே சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். சின்னதாகக் குறட்டை, குக்கர் விசில் அடிக்கும் முன் வரும் சத்தம்போல. எழுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. சட்டப்படி வேறு யாரும் அந்த ரகசியத்தைச் சொல்லவும் முடியாது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வாசலிலிருந்து அப்பா குரல் கொடுத்தார். "ஏலே, அங்கன என்ன சத்தத்தையே காணோம்?"

"அம்மா தூங்குதாவ" என்றான் அண்ணன்.

"அப்ப நீ சொல்லி முடியேம்லே. பசிக்குதுல்லா?"

"அம்மா எடுத்தது. நாங்க எடுக்கக் கூடாது."

வாசலில் நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு இருட்டிலிருந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்பாவின் குரல் வந்தது. "அருள் நிறைந்த மரியே..." நாங்கள் திகைத்துப் போய் மறுபாதியைச் சொன்னோம். மீதி மணிகளையெல்லாம் அவரே சொல்லி முடித்தார். தங்கைக்குச் சந்தேகம். "அப்பா, நீங்க மட்டும் எடுக்கலாமா?" என்று கேட்டாள்.

"வீட்டுச் சட்டம் வீட்டுக்குள்ள இருக்குதவங்களுக்கு. நான் வெளிய இருக்குதவன். அஞ்சாவதை யாராவது எடுத்துச் சீக்கிரம் முடிங்க."

அன்று பசிதான் அப்பாவைச் செபிக்க வைத்தது, பக்தி இல்லை. அதை அவரே ஒத்துக்கொள்கிறார். ஆனால் அதன்பின் அம்மா அடிக்கடி தூங்க ஆரம்பித்தார். எப்போதும் நாலாம் ரகசியம்தான். தையல் அதிகம், கண் அசந்துபோகிறது என்று நாங்கள் நினைத்தோம். அம்மாவின் குரல் நின்றதும் வாசலில் தொண்டை செருமும் சத்தம் கேட்கும். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் அம்மா ஒவ்வொரு முறையும் "செபத்துல தூங்கிட்டேன் சாமி" என்று சொல்வாராம். "அது தெரிஞ்சதுதான், வேற ஏதும் உண்டா?" என்று சாமியார் கேட்பார்களாம்.

அந்த நாற்காலி ஒரே இடத்தில் நிற்கவில்லை. தெரு வாசலில் கொசு என்று முருங்கை மரத்தடிக்கு வந்தது. முருங்கையில் கம்பளிப்புழு என்று வீட்டு வாசற்படிக்குப் பக்கத்தில் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. படியேறி உள்ளே மட்டும் வரவில்லை. அம்மா அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அப்புறம் ஒரு அக்டோபர் வந்தது. செபமாலை மாதத்தில் எங்கள் அன்பியத்தில் மாதா சுரூபத்தை, அதாவது சிறு சிலையை, வீடு வீடாகக் கொண்டுபோவது வழக்கம். ஒவ்வொரு வீட்டிலும் ஒருநாள் தங்குவார். அன்று மாலை அன்பியத்தார் எல்லோரும் அந்த வீட்டில் கூடிச் செபமாலை சொல்ல, முடிந்ததும் அந்த வீட்டு ஆண் சுரூபத்தைக் கையில் ஏந்தி அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும். எந்த நாள் எந்த வீடு என்று முறை போடுகிறவர் பொறுப்பாளர், அதாவது அம்மா. எங்கள் வீட்டுக்கு அடுத்து அவர் போட்டிருந்தது பொருளாளர் அண்ணாச்சி வீடு. அவர்கள் அப்போதுதான் எங்கள் தெருவில், ஆம், வாழையும் வாய்க்காலும் உள்ள அதே தெருவில், வீடு கட்டிக் குடி வந்திருந்தார்கள்.

எங்கள் வீட்டு முறையன்று வீடு நிறைந்துவிட்டது. அண்ணாச்சியும் வந்து சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். அப்பா வழக்கம்போல வெளியே, படிக்குப் பக்கத்தில். இரண்டாம் ரகசியத்தில் மழை பிடித்தது. ஐப்பசி மழை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பா உள்ளே வரவில்லை. நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

நாலாம் ரகசியத்தை அம்மா எடுத்தார். பாதியில் குரல் தேய்ந்தது. நின்றது. இத்தனை பேர் முன்னால், பொறுப்பாளரே சுவரில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டார். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. யாரோ கிசுகிசுத்தார்கள். அண்ணாச்சி தலையைத் தூக்கிப் பார்த்தார். வெளியே அப்பாவின் வாய் அசைவது தெரிந்தது. அவர் சொல்லத்தான் செய்கிறார், மழைச் சத்தத்தில் ஒரு எழுத்துக்கூட உள்ளே கேட்கவில்லை. யாரும் மறுமொழி சொல்லாததால் அவரும் நிறுத்திவிட்டார்.

பிறகு அவர் படியேறினார். நாற்காலியைத் தலையில் வைத்தபடியே, வேட்டி நுனியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்து நின்றார். அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். நாற்காலியைக் கீழே வைத்தார். விட்ட இடத்திலிருந்து சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். முதல் மணிக்கு நாங்கள் மூன்று பேர்தான் பதில் சொன்னோம். அடுத்த மணிக்கு ஒரு கனத்த குரலும் சேர்ந்துகொண்டது. அண்ணாச்சியின் குரல். கூட்டத்தில் வாய்ச்சண்டை போட்டுப் பிரிந்த இரண்டு பேரும் அத்தனை வருடத்துக்குப் பிறகு ஒருவருக்கொருவர் பேசியது அப்படித்தான், பாதி பாதியாக. நாலாவது முடிந்ததும் அப்பா நிறுத்தவில்லை. யாரையும் பார்க்காமல், "ஐந்தாம் தேவரகசியம்" என்றார். அது அவருடையது.

செபம் முடிந்தபோதும் மழை விடவில்லை. அப்பா சுரூபத்தைக் கையில் எடுத்தார். அண்ணாச்சி எழுந்து வந்து குடையை விரித்தார்.

"வாரும். வழுக்கும், பைய வாரும்" என்றார். படி இறங்கும்போது, "அடுத்த வருசம் சப்பரத்தை இந்தத் தெருவுக்குத் திருப்பிருவோம்வே. வயரைத் தூக்கிக் கட்டச் சொல்லுதேன்" என்றார்.

"சப்பரம் என்ன அண்ணாச்சி, மாதா நடந்தே வந்துட்டாவளே" என்றார் அப்பா.

ஒரே குடையில் இருவரும் மாதாவோடு போவதை நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். அந்த ஞாயிறு காலையில் அப்பா அறைக்குள்ளிருந்து, "என் வெள்ளைச் சட்டை எங்கன இருக்கு?" என்று கேட்டார். அம்மா தோசைக் கல்லை விட்டு நகராமலே, "பீரோவுல மேல்தட்டுலதான் இருக்கு" என்றார். தேய்த்து மடித்து இருந்தது. அத்தனை வருடமும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. கோயிலில் அம்மா தூணைப் பார்த்தார். அன்று முக்காட்டை முகம்வரை இழுத்து விட்டுக்கொண்டார்.

அதற்குப் பின் வந்ததெல்லாம் நீங்கள் அறிந்தவை. அண்ணன் படித்து வேலைக்குப் போனான். என்னையும் தங்கையையும் கல்யாணத்தன்று அப்பாதான் பலிபீடம்வரை கைபிடித்து அழைத்துப் போனார். ஆற்றில் பெருவெள்ளம் வந்து எங்கள் தெரு மூழ்கியபோது அம்மாவும் அப்பாவும் ஆமினாம்மா வீட்டு மாடியில்தான் தங்கினார்கள். தெருவுக்கே அம்மா அங்கிருந்து கஞ்சி காய்ச்சினார். பொழுது சாய்ந்ததும் ஆமினாம்மாவே, "டீச்சர், உங்க நேரமாச்சுல்லா? செபத்தைச் சொல்லுங்க. அதைக் கேக்காம எனக்குச் சோறு எறங்காது" என்றார்களாம்.

கடைசி வருடங்களில் அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. இரத்தத்தைச் சுத்தம் செய்யப் பாளையங்கோட்டைக்குப் போய்வர வேண்டியிருந்தது. அந்தக் கட்டிலிலும் சும்மா இருக்கவில்லை. ஒரு கையில் ஊசிக்குழாய் ஓட, இன்னொரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு நர்சுப் பிள்ளைகளுக்கு மாப்பிள்ளை பார்த்தார். அப்படி ஒருநாள் பக்கத்தில் இருந்தபோது கேட்டேன்.

"அம்மா, அன்னைக்கு மழையில, அத்தனை பேரு முன்னால, நெசமாவே தூங்கிட்டிங்களா?"

அம்மா சிரித்தார். "முதல் தடவை தூங்குனது நெசம்ட்டி. முழிப்பு வந்து பாத்தா உங்கப்பா குரல் கேக்குது. கண்ணைத் தொறந்தா நிறுத்திருவாவளோன்னு அப்படியே கெடந்தேன். பிறகு பழகிப் போச்சு."

"அத்தனை நாளும் நடிப்பா? பாவசங்கீர்த்தனத்துல சொன்னிங்களா?"

"சொல்லாம இருப்பனா? முதல்ல தூங்குனேன்னுதான் சொன்னேன், பிறகு மனசு கேக்காம, தூங்குத மாதிரி நடிச்சேன் சாமின்னு சொன்னேன். எதுக்குன்னு கேட்டாவ. சொன்னேன். உன் வீட்டுக்காரர் இப்ப கோயிலுக்கு வாராரான்னு கேட்டாவ. வாராவ சாமின்னேன். அப்ப தூங்குன்னுட்டாவ. இதை உங்கப்பாகிட்ட சொல்லிராத."

கடைசி வாரம் அம்மா வீட்டுக்கு வந்துவிட விரும்பினார். சாமியார் வந்து எண்ணெய் பூசிச் செபித்து நோயில்பூசுதல் கொடுத்தார்கள். நாங்கள் மூன்று பேரும் வந்துவிட்டோம். மாலையில் கட்டிலைச் சுற்றி நின்று பழைய முறைப்படியே செபமாலை சொன்னோம். நாலாவதை அம்மாதான் எடுத்தார். உதடு அசைந்தது, இரண்டு மூன்று மணிதான். பிறகு நின்றது. அப்பா எடுத்து முடித்தார், தம்முடைய ஐந்தாவதையும் சொல்லி முடித்தார். பிரார்த்தனையும் ஆனதும் அம்மா கண்ணைத் திறந்தார்.

"முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு" என்றார் அப்பா.

"சரி, போய்ச் சாப்பிடுங்க."

விடியற்காலையில், வழக்கமாக அடுப்புப் பற்றவைக்க எழும்புகிற நேரத்தில், அம்மா போய்விட்டார். சாப்பிடச் சொன்னதற்குப் பின் அவர் வேறு எதுவும் பேசியிருக்கவில்லை. நாங்கள் எல்லோரும் அவர் சொன்னபடி சாப்பிட்டிருந்தோம் என்பது ஏனோ இன்றுவரை எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கிறது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். அம்மாவைத் தங்கள் தாயைப்போல் பார்த்துக்கொண்ட பாளையங்கோட்டை நர்சுப் பிள்ளைகளுக்கும், அடக்கத் திருப்பலி நிறைவேற்றிய பங்குச் சாமியாருக்கும், நேரம் காலம் பாராமல் கார் ஓட்டி வந்த தெருப் பையன்களுக்கும் எங்கள் நன்றி. அம்மா போனபின் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத மூன்று நாளும் வேளாவேளைக்குச் சோறு அனுப்பிய ஆமினாம்மாவுக்கு நன்றி என்று எழுதினால் அடிக்க வருவார்கள், ஆகவே எழுதவில்லை. பெட்டியை முதலில் தோளில் தூக்கியவர் பொருளாளர் அண்ணாச்சி. கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகும்போது வாய்க்கால் தெரு முழுவதையும் ஒருமுறை சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும் என்று சொன்னவரும் அவரே. பழைய கதையில் அவர் பெயரை நான் எழுதாததற்குக் காரணம், அவர் மேல் எங்களுக்கு இன்று அன்பு மட்டுமே இருக்கிறது என்பதுதான்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆஸ்பத்திரியில் அம்மா சொன்ன இடம் வந்ததும் பயந்துகொண்டே வாசித்தேன். அப்பாவுக்கு ஆச்சரியமே இல்லை.

"தெரியும்ட்டி" என்றார். "நெசமாத் தூங்குனா அவ குறட்டை விடுவா. முதல் தடவை வாசல்வரைக்கும் கேட்டுச்சு. பிறகு ஒருநாளும் கேக்கல. மழையன்னைக்கு உள்ள வந்து பாத்தேன், கண்ணிமை ஆடுது."

"பிறகு ஏன்ப்பா தெரியாத மாதிரி இருந்திய?"

"தெரியும்னு சொன்னா அவ கண்ணைத் தொறந்திருவாள்லா? தொறந்தா நான் எந்திரிச்சுப் போகணும். எனக்குப் போக மனசில்ல."

நினைவு நாளன்று காலையில் கோயிலில் திருப்பலி. மாலையில் எங்கள் வீட்டில் செபமாலை. எல்லோரும் வர வேண்டும். நாலாம் ரகசியத்தை இப்போது அப்பாதான் எடுக்கிறார். பாதியில் அவர் குரல் நின்றுவிடுகிறது. தூங்கிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்தில் யார் இருக்கிறீர்களோ அவர்கள் எடுத்துச் சொல்லி முடித்துவிடுங்கள், எங்கள் வீட்டுச் சட்டத்தை அன்று தளர்த்தியிருக்கிறோம். முடித்ததும் சோறு தயாராக இருக்கும். சாப்பிடாமல் யாரும் போகக் கூடாது. அது அம்மா எங்களிடம் கடைசியாகச் சொன்னது.

அப்பா, அண்ணன், தங்கை ஆகியோருடன்,
அன்பு மகள்